பாதிக் கோயில் போதும்: சோழநாட்டுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக் கடைசியில் பஸ்ஸும் வேனுமாக எங்கள் பக்கம் ஆட்களை அழைத்துவரும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். யார் நடத்தினாலும் நோட்டீஸ் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. இரண்டே நாளில் இத்தனை தலங்கள், ஒரே நாளில் நவக்கிரகம் ஒன்பதும், கூடவே தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் இலவச இணைப்பு. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்: அந்த எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஆற்றைக் காட்டுங்கள்.

நான் கும்பகோணத்துக்காரன். பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பஸ்கள் வந்து நிற்கும் தெருவில்தான் கடை என்பதால், இறங்குகிறவர்களின் முகமும் ஏறுகிறவர்களின் முகமும் எனக்கு நன்றாகவே பழக்கம். போன வருஷம் சென்னையிலிருக்கும் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரு பேக்கேஜில் பதிவு செய்துவிட்டு, "துணைக்கு நீயும் ஏறிக்கோப்பா" என்று கூப்பிட்டார்கள். பிறந்த ஊரையே ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. நடத்தியவர்கள் யாரென்று எழுதப்போவதில்லை. நல்ல மனிதர்கள். தண்ணீர் பாட்டில் கேட்காமலே கொடுத்தார்கள், வயதானவர்களைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். ஆனால் ராத்திரி லாட்ஜில் பெரியம்மா கேட்டார்: "ஏம்ப்பா, காலையில பாத்தோமே, மண்டபத்தையே தேர் மாதிரி குதிரை இழுத்துட்டுப் போகுமே, அது எந்த ஊரு?" ரயில்வேயில் கணக்கு எழுதியே ஓய்வுபெற்ற பெரியப்பா, கொஞ்சமும் சந்தேகமில்லாமல் "சுவாமிமலை" என்றார்.

அது தாராசுரம். அங்கே நமக்குக் கிடைத்தது அரைமணிக்கும் குறைவு. அதிலும் பாதி நேரம் செருப்பு விடவும், தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளவும் சரியாகிவிட்டது. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயில் அது. கருவறையைச் சுற்றி வெளிச்சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பமாக ஓடுகின்றன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இவனுடைய தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பார்கள். அப்படியென்றால் பாட்டு வந்து ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறிவிட்டது. அந்தச் சிற்பங்களை நின்றுகொண்டு பார்க்க முடியாது. குனிய வேண்டும், முட்டி இடம்கொடுத்தால் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். கண்ணப்பரையும் அப்பரையும் கண்டுபிடித்துவிட்டால் வயதானவர்கள் மிச்சக் கதைகளைத் தாங்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் குழுவில் பாதிப்பேருக்கு அந்தக் கதைகள் சின்ன வயதிலிருந்தே தெரியும். கைடு தேவையே இல்லாத இடம் அது. நேரம் மட்டும்தான் தேவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பரிகாரத்துக்காக நவக்கிரகம் சுற்றுகிறவர்களோடு எனக்கு வழக்கு கிடையாது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகிறவர் கல்வெட்டுப் படிக்கப் போகவில்லை. அவருக்கு வேண்டியது தரிசனம், அது கிடைத்தால் சரி. நோட்டீஸில் 'வரலாற்றுச் சுற்றுலா' என்று போட்டுவிட்டு, பரிகார பஸ்ஸின் வேகத்திலேயே வரலாற்றையும் ஓட்டுகிறவர்களிடம்தான் பேசுகிறேன்.

அப்படியிருந்தும் ஒரு திருவெண்காட்டுக் கதை சொல்லத் தோன்றுகிறது. புதன் தலமென்று எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும். கோயிலிலிருந்த செப்புத்திருமேனிகள் சில கடந்த நூற்றாண்டின் நடுவில் மண்ணிலிருந்து கிடைத்தன. அதில் ஒருவர் ரிஷபவாகன தேவர். ராஜராஜன் காலத்தில், 1011இல் வார்த்தது என்று கோயில் கல்வெட்டே சொல்கிறது. பக்கத்திலிருக்கும் தேவி அடுத்த வருஷம் செய்தது. ரிஷபவாகனர் இடுப்பை ஒரு பக்கம் ஒசித்து, பாம்பைச் சேர்த்துத் தலைமுடியைத் தலைப்பாகை போலச் சுருட்டிக் கட்டி, ஒரு கையை ஒய்யாரமாக நீட்டி நிற்கிறார். கைக்குக் கீழே இருக்க வேண்டிய ரிஷபம் மட்டும் இல்லை. அது இல்லாமலே, அந்தக் கை ஏதோ ஒன்றின்மேல்தான் சாய்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. உலகத்தில் எங்கே வைத்தாலும் கூட்டம் அலைமோதக்கூடிய சிலை. அது இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உங்கள் பஸ் முதல் நாள் தஞ்சாவூர் போகிறது, மறுநாள் திருவெண்காடு போகிறது. இரண்டு ஊரையும் இணைக்கும் ஒரு வார்த்தை பஸ்ஸில் யாரும் பேசுவதில்லை. அரண்மனைக்குப் போகவே நேரம் ஒதுக்காத நோட்டீஸ்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். மத்தியானத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவை உச்சிக்காலம் முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடும். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். இது இன்று நேற்று வந்த ஏற்பாடில்லை. இருந்தும் ஒவ்வொரு சுற்றுலா அட்டவணையும், சாத்தும் நேரத்தோடு பந்தயம் கட்டி எழுதியது போலவே இருக்கிறது. பதினொன்றே முக்காலுக்கு ஒரு கோயில் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "சீக்கிரம், சீக்கிரம், சாத்திடுவாங்க" என்று முட்டிவலிக்காரர்களை விரட்டுகிறீர்கள். வெயில் ஏறிய கருங்கல் தரையில் வெறுங்காலோடு அவர்கள் ஓடுவதைப் பார்த்தால் எனக்கே கால் பொத்துப்போகிறது. அதன்பிறகு சாப்பாடு. அதன்பிறகு நாலு மணி வரைக்கும் ஏசி பஸ்ஸில் தூக்கம், இல்லாவிட்டால் கடை. அந்த மூன்றரை மணி நேரத்தை நீங்கள் பொழுது போக்கவேண்டிய இடைவெளியாக நினைக்கிறீர்கள். டெல்டாவைக் காட்டத் தோதான நேரமே அதுதான்.

கடை விஷயத்தை இங்கேயே முடித்துக்கொள்கிறேன். 'நெய்கிற இடத்திலேயே நேரடி விலை' என்று சொல்லி நிறுத்துகிற இடங்களில் யாருக்கு என்ன கமிஷன் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். நானும் வியாபாரிதான், வயிற்றில் அடிக்க மாட்டேன். ஆனால் தாராசுரத்துக்கு அரைமணி, புடவைக் கடைக்கு ஒன்றரை மணி என்று அட்டவணை இருந்தால், அதை நோட்டீஸிலும் அப்படியே அச்சடித்துவிடுங்கள்.

மாற்றாக சுவாமிமலைக்குப் போங்கள். வாங்க வேண்டாம், பார்க்க. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிக் கலந்து ஸ்தபதி முதலில் மெழுகிலேயே உருவம் முழுவதையும் பிடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசுகிறார். மண் காய்ந்ததும் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். ஒரு கருவில் ஒரு சிலைதான். இரண்டாவது எடுக்க முடியாது. மெழுகின் நெளிவு சுளிவெல்லாம் அப்படியே உலோகத்தில் இறங்குவதற்கு இந்த ஆற்றின் மெல்லிய வண்டல்தான் காரணம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனரும் இதே மெழுகு முறையில் பிறந்தவர்தான். காலையில் அரண்மனையில் அவரைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் உட்கார்ந்தால் ஆயிரம் வருஷம் ஒரே நாளுக்குள் வந்துவிடும். ஒரு நிபந்தனை. பட்டறைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர் வேலையை நிறுத்தி விளக்கும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். ஐம்பது பேரை இறக்கிவிட்டு, எல்லோரும் ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையாருக்கு அரைவிலை கேட்டுவிட்டு ஏறிப்போவது அநியாயம்.

இனி கதைகள். பெரிய கோயில் பிரகாரத்தில் சாயங்காலம் நாலரை மணிக்கு நமது கைடு நின்ற இடத்தை மறக்கவே முடியாது. "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது" என்று அவர் உரக்கச் சொன்னபோது எங்கள் குழு முழுவதும், அவரும் சேர்த்து, அந்த நிழலில்தான் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். உச்சியிலிருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்பது அடுத்த கதை. பல கற்களை இணைத்து அமைத்த சிகரம் அது. இவ்வளவு பெரிய நந்தியைச் செய்தது ராஜராஜன் என்பது மூன்றாவது. அது நாயக்கர் காலத்தது.

பொய் சொன்னால் கண்ணைக் குத்தும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மை இந்தக் கதைகளைவிடச் சுவாரஸ்யமாக இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். இந்தக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதே ஒருகாலத்தில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது, ஊரும் அப்படியே நம்பியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் சுவரிலிருந்ததைப் படித்துப் பதிப்பித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியாயிற்று. சுவரில் என்னதான் இருக்கிறது? தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தேவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்தின் கல்லில் வெட்டச் சொல்லி ராஜாவே இட்ட உத்தரவு இருக்கிறது. எத்தனை அரசர்கள் மற்றவர்கள் கொடுத்ததையும் தன் பேருக்குப் பக்கத்தில் வெட்ட விட்டிருக்கிறார்கள்? கட்டிய பெருந்தச்சன் பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லன். நாவிதர் பெயர்கூட இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தளிச்சேரிக் கல்வெட்டு. சோழநாடு முழுவதுமிருந்த கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சாவூருக்குக் குடியேற்றி, ஆடலுக்கும் பாடலுக்குமாக நியமித்தான் ராஜராஜன். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதுவரை வரிசையாகப் பெயர் போட்டு வெட்டியிருக்கிறது. முதல் வீட்டுக்காரர் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. பட்டியலில் ஆரூர்க்காரர்கள் இருக்கிறார்கள், பழையாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் பஸ்ஸில் வருகிறவர்களில் யாராவது ஒருவருக்குப் பூர்வீகம் இந்த ஊர்களில் ஒன்றாக இருக்கும். இந்தக் கல்வெட்டுப் பாடத்தை இரண்டு பக்கம் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, "உங்க ஊர் பேர் இருக்கா பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். நிழல் விழாத கோபுரத்தைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண்களின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா என்ற கேள்வியும் யாராவது ஒரு பெண்மணி கேட்பார். கேட்கட்டும். கைடு பதில் தெரியாமல் நிற்கலாம், தப்பில்லை.

அதே வளாகத்தில் மராட்டியர் 1803இல் தங்கள் வம்ச சரித்திரத்தை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில், சிவகங்கைப் பூங்காவில், ஸ்வார்ட்ஸ் பாதிரியாருக்காக 1779இல் எழுந்த தேவாலயம் இருக்கிறது. அவர் மரணப் படுக்கையில் இருக்க, மராட்டிய மன்னர் சரபோஜி பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம் லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி செய்தது. சோழநாட்டுச் சுற்றுலா என்றால் சோழர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட வேண்டும் என்று யார் சொன்னது?

இப்போது ஆறு. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

ராஜராஜன் ஆளுக்கு நூறு கலம் நெல் அளந்தான் என்றால் அந்த நெல் எங்கிருந்து வந்தது? 216 அடி விமானத்தை மட்டும் காட்டிவிட்டு, அதைத் தூக்கி நிறுத்திய வயலையும் வாய்க்காலையும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கடந்துபோகிறீர்கள். கல்லணை தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய தூரம். எந்தப் பூசைக்காகவும் அதைச் சாத்த மாட்டார்கள். மத்தியானத்திலும் ஆற்றுக்காற்று வரும். காவிரி அங்கேதான் கை விரிக்கிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்ற புது ஆறு, வெள்ளம் மிஞ்சினால் வடக்கே கொள்ளிடம். கரிகாலன் பெயரில் வழங்கும் பழைய அணை, ஆற்றுமணலில் கற்களைப் போட்டுப் போட்டு, அவை தாமாக இறங்கி நிலைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கே வேலைபார்த்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், அடி காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இதைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அந்த மேலணையின் மதகுகள் சில அடித்துக்கொண்டு போனதை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கல்லணைக்குப் போனால் பூங்காவிலிருக்கும் கரிகாலன் யானைச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மதகுகளின் மேல் நடத்திக் கூட்டிப்போய், எந்தத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்று ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். பாசனத்தில் மதகு திறந்து மூடும் லஸ்கராக வேலைபார்த்து ஓய்வுபெற்ற யாராவது கிடைத்தால் அவரைவிட நல்ல கைடு கிடையாது. தலைப்பில் ஒரு மதகைக் கொஞ்சம் தூக்கினால் கடைமடையில் யார் வீட்டில் சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும். கல்வெட்டுகளில் ஏரி வாரியம், வாய்க்கால், நீர்ப்பங்கு என்று வருவதெல்லாம் அதன்பிறகு தானாகப் புரியும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வாருங்கள். கும்பகோணத்திலிருந்து அங்கே போக நீங்கள் கொள்ளிடத்தை அணைக்கரையில்தான் கடக்கிறீர்கள். அங்கே குறுக்கே நிற்கும் கீழணையும் 1836 வாக்கில் கட்டியதுதான். அதைக் கட்டுவதற்குக் கல் வேண்டுமென்று கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கங்கைவரை படையனுப்பி ஜெயித்த ராஜேந்திரன், அந்த ஆற்று நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் ஏரியில் சேர்த்ததாகப் பெருமைப்பட்டான். அவன் கோயில் மதில் கடைசியில் இன்னொரு ஆற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணமும் சோழர் வெட்டியதுதான்; முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயர் தேய்ந்து வீராணம் ஆனது. 2004 முதல் அந்த ஏரியிலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது. ஆகவே உங்கள் சென்னைப் பயணிகளில் பலர் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் ராஜேந்திரன் கோயில் கல்லின்மேல் ஏறி இறங்கி வந்த தண்ணீர். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். எங்கள் பஸ்ஸில் அந்த இரண்டு நிமிஷம் ஒரு நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பாவிடம் நான் மெதுவாகச் சொன்னபோது, அவர் எழுந்துபோய் டிரைவரிடம் வண்டியை ஓரங்கட்ட முடியுமா என்று கேட்டார். "அட்டவணையில இல்ல சார்" என்று பதில் வந்தது. டிரைவர் மேல் தப்பில்லை. அவருக்கு நடை சாத்துவதற்குள் போய்ச்சேர வேண்டும்.

பருவத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். கோடை விடுமுறையில்தான் உங்களுக்குக் கூட்டம் சேரும், தெரியும். ஆனால் மேட்டூர் அணை திறப்பதே ஜூன் 12ஆம் தேதி என்பது வழக்கம், அதுவும் நீர் இருப்பு இருக்கிற வருஷத்தில். சித்திரையிலும் வைகாசியிலும் காவிரி என்று நீங்கள் காட்டுவது மணல்தான். "வான் பொய்ப்பினும் தான் பொய்யாக் காவிரி" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வறண்ட ஆற்றுப்பாலத்தைக் கடப்பது கேட்பவருக்குச் சங்கடமாக இருக்கிறது. கோடையில்தான் நடத்த முடியும் என்றால் அந்த மணலையே காட்டிப் பேசுங்கள்: 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து இந்த ஆறு எப்போது ஓடும் என்பது எப்படித் தீர்மானமாகிறது, கர்நாடகத்தோடு வழக்கு ஏன் இத்தனை காலமாக ஓடுகிறது என்று. அதுவும் வரலாறுதான். முடிந்தவர்கள் புரட்டாசி, ஐப்பசியில் கூட்டிவாருங்கள். சம்பா நடவு நடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரும் பச்சையும். மழையில் ஒரு நாள் கெட்டாலும் பரவாயில்லை.

எதை வெட்டுவது என்று கேட்பீர்கள். உடையாளூரில் ராஜராஜன் சமாதி என்று நிறுத்துகிற நிறுத்தத்தை முதலில் வெட்டலாம். சோழர் படம் திரைக்கு வந்த பிறகு அது எல்லா பேக்கேஜிலும் ஏறிவிட்டது. அங்கேதான் அவன் சமாதி என்பதற்கு உறுதியான தொல்லியல் சான்று இல்லை. ஒரு சின்ன லிங்கத்துக்கு முன்னால் உணர்ச்சிவசப்பட்டு ஆட்கள் அழுவதைப் பார்த்தால் எனக்கும் மனசு இளகும்தான், இருந்தாலும் அந்த நேரத்தைப் புள்ளமங்கைக்குக் கொடுங்கள். தஞ்சாவூர்-கும்பகோணம் ரோட்டில் பசுபதிகோயில் பக்கம் ஒதுங்கினால் வந்துவிடும். பராந்தகன் காலத்துச் சின்னக் கோயில், பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ நூறு வருஷம் மூத்தது. உள்ளங்கை அளவுப் பலகைகளில் ராமாயணக் காட்சிகள். பஸ் உள்ளே போகாது என்பீர்கள்; நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும், மற்றவர்களுக்கு ஆட்டோ பிடியுங்கள். ஒரே ஒரு மூன்றாவது நாள் கிடைத்தால் கடற்கரைப் பக்கம் போகலாம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் எழுப்பிய கோட்டையும், 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தேவாலயமும் இருக்கின்றன. நாகூர் தர்காவின் பெரிய மினாரா மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக்கொடுத்தது. நாகப்பட்டினத்தில் கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் எடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்த விகாரத்தில் மிஞ்சியிருந்த கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள், பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் கடலைப் பார்த்து நின்றுகொண்டு சொல்ல வேண்டிய கதை அது.

சில்லறை விஷயங்கள், ஆனால் பெண்களைக் கேட்டால் இவைதான் முதல் விஷயம் என்பார்கள். எங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு ஆளை அனுப்பிப் பார்த்து வையுங்கள். கோயில் பட்டியலை முடிவு செய்த பிறகு அல்ல, முன்னால். வெயில் நேரத்தில் கெட்டியான சாக்ஸ் ஒரு ஜோடி எல்லோருக்கும் கொடுங்கள், அதிகச் செலவில்லை. ஓதுவார் பாடிக்கொண்டிருக்கும்போது கையிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரை அணைத்துவிடச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர்களில் கல்வெட்டும் சிற்பமும் ஆர்வமாகப் படித்த இளைஞர்கள், இளம்பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி பேசி அழைத்தால் சந்தோஷமாக வருவார்கள். பஸ்ஸோடு சென்னையிலிருந்தே வந்து, நிழல் விழாது என்று சொல்லும் ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தைவிட அது அதிகமாகிவிடாது.

எண்ணிக்கை குறைந்தால் ஆள் வரமாட்டார்கள் என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான். பக்கத்து கம்பெனி இருபது என்று அச்சடிக்கும்போது பத்து என்று அச்சடிக்கத் துணிச்சல் வேண்டும். அதனால் சின்னதாகத் தொடங்குங்கள். மாதத்தில் ஒரு நடையை மட்டும் இப்படி நடத்திப் பாருங்கள். நோட்டீஸில் இடங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு இடத்திலும் பஸ் நிற்கும் நேரத்தை அச்சடியுங்கள். தாராசுரம் இரண்டு மணி நேரம், கல்லணை ஒன்றரை மணி நேரம், அணைக்கரையில் பாலத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் என்று. அந்த நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் வேறு மாதிரி ஆட்களாக இருப்பார்கள், ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லவும் செய்வார்கள். 2028இல் மகாமகம் வருகிறது. அப்போது கும்பகோணத்துக்குள் இடம் கேட்டு வரும் பஸ்களுக்கு அளவிருக்காது. எதையும் மாற்றிப் பார்க்க அந்த வருஷம் தோதுப்படாது. இந்த இரண்டு மூன்று பருவத்துக்குள் பரீட்சித்துப் பார்த்துவிடுங்கள். பெரியம்மா மறுபடி வரத் தயாராக இருக்கிறார், தாராசுரத்துக்கு முழுசாக ஒரு காலை நேரம் தருவீர்கள் என்றால்.

இப்படிக்கு,
கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரன்